தேச்சம்மாவின் தொங்கும் கூடாரம்

மரத்தைக் கண்டால் தேச்சம்மா தோளால் ஓர் இடி இடிப்பாள். பேசிக்கொண்டே வருவாள், பாதையோரம் தொடைப் பருமனில் ஒரு சில்வர் ஓக் நின்றால் போதும், பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பாள். உச்சி அசையாவிட்டால், "இது நிக்கும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். அசைந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். நெருங்கிய சொந்தக்காரர் வாக்குத் தவறிவிட்டதுபோல முகம் மட்டும் சுருங்கிவிடும். கூட நடப்பவர்கள் பழகிவிட்டார்கள். அவள் இடித்து முடிக்கும்வரை நின்று காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போடுவார்கள். போன புத்தரி அறுவடைப் பண்டிகைக்கு நாத்தனார் வீட்டுப் பந்தல் காலையும் இடித்துப் பார்த்தாள். பந்தல் போட்டவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா, அது ரெண்டு நாளைக்குத்தான்."

"ரெண்டு நாளும் நிக்கணும்ல?"

கனம் அவளுக்கு ஆகாது. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பாள். அது என்ன பொருள் என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்துவிட்டாள். புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டியில் இருக்கும் துணிச்சீட்டைக் கடையிலேயே கத்தரித்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள். தடியண்டமோள் மலை ஏற வருகிற இளசுகள் அறுந்த பை வாரைத் தைத்துக்கொள்ள அவள் கடைக்கு வருவார்கள். வாரைத் தைப்பதற்கு முன் பையை ஒரே விரலில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு அனுமதி கேட்காமலே பிரித்து, இரும்பு வாணலி, இரண்டாவது ஜீன்ஸ், கண்ணாடிப் புட்டி ஊறுகாய் என்று ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைப்பாள்.

"அது எல்லாம் தேவைப்படும்க்கா."

"என்கிட்ட ஏன் சொல்றே? மேல ஏறும்போது உன் முதுகுகிட்ட கேளு."

பாதிப் பேர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பப் பையில் திணித்துக்கொண்டு போவார்கள். மீதிப் பேர் வாணலியை அவளிடமே விட்டுப் போய், இறங்கி வரும்போது வாங்கிக்கொள்வார்கள்.

கக்கபே கடைவீதியில் மருந்துக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய தையல் கடை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கல்யாண மாப்பிள்ளைகளின் குப்யாக்கள். முழங்கால்வரை இறங்கும் கறுப்பு அங்கிகள், வரிசையாக, பெரியவர்கள் கூடி நிற்பதுபோலத் தொங்கும். எதிர்ப்பக்கம் ஆரஞ்சும் இலைப்பச்சையுமாகப் பாராசூட் துணி. அளவு கொடுக்க வருகிற மாப்பிள்ளைகள் குப்யாவைப் பார்ப்பதைவிட அந்தப் பக்கம் பார்ப்பதுதான் அதிகம். அவர்களுடைய அப்பாக்கள்தான் கவலைப்படுவார்கள். "தேச்சு, நம்ம பையன் அங்கியிலேயும் எடை கொறைச்சுடாதே" என்று ஒருவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. குப்யாவின் உள்மடிப்பில் வீணாகப் போகிற துணியைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது.

முன்பு அவள் மலைக்கு ஆள் கூட்டிப் போகிறவளாகவும் இருந்தாள். மழை ஓய்ந்த மாதங்களில் தையலை மூடிவிட்டு, மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களைத் தன் அண்ணன் மாச்சய்யாவின் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேலே உள்ள சோலைக் காட்டுக்குக் கூட்டிப் போவாள். அப்படி வந்த ஒரு கூட்டத்தில்தான் வினுதா இருந்தாள். மைசூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, ஒல்லியான உடம்பு, விடுமுறை கிடைத்தால் மலைதான். ஓய்ந்துவிட்டது என்று நம்பிய மழை அன்று சாயங்காலம் திரும்பி வந்தது. சரிவில் தண்ணீர் ஓடாத இடமே இல்லை. கூடாரத்துக்கு அடியில் ஓடிய தண்ணீர் சற்று நேரத்தில் கூடாரத்துக்குள்ளும் ஓடியது. விடியும்போது வினுதாவுக்கு உதடு நீலம் பாரித்து, தன் பேரைக் கேட்டால்கூடப் பதில் சொல்ல முடியாத நடுக்கம் வந்துவிட்டது.

தேச்சம்மா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு தோட்டம் வழியாக இறங்கினாள். மாச்சய்யா வீட்டு அடுப்படியில் உட்காரவைத்துக் கம்பளி சுற்றி, மிளகு போட்ட காப்பியைக் கரண்டியால் ஊட்டினார்கள். நடுக்கம் அடங்கி வினுதா முதலில் சொன்ன வார்த்தை, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்பது.

"நீ என்ன பண்ணே மன்னிக்கறதுக்கு? தப்பு தரைமேல. இந்த மலையில ஒரு ஆள் படுக்கற அளவுக்கு மட்டமான தரை எங்க இருக்கு? இருக்கறதெல்லாம் மரம்தான்." மாச்சய்யாவின் மனைவி பிற்பாடு சொன்னாள்: தேச்சம்மா மரத்தை இடிக்க ஆரம்பித்தது அன்றைக்குப் பிற்பகல், வினுதாவை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த வழியில்தான்.

தரையை விட்டுவிட்டு மரத்தில் தொங்குவது புதிய யோசனை ஒன்றுமில்லை. வலைத் தூளி கட்டிப் படுக்கிறவர்கள் அவள் கூட்டத்திலேயே உண்டு. அதில் படுத்தால் உடம்பு வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். காலையில் நிமிர்ந்து நடக்க நேரமாகும். மூன்று மரங்களுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுகிற வெளிநாட்டுக் கூடாரத்தை ஒருவர் ஒருமுறை கொண்டுவந்தார். அதில் கட்டில்போல மட்டமாகப் படுக்க முடிந்தது. தேச்சம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படுக்க நல்லா இருக்கு. இதைச் சுமந்துட்டு வந்தவன் படுக்காம என்ன பண்ணுவான்" என்றாள். அவளுக்கு வேண்டியது இரண்டே மரம், மட்டமான படுக்கை, மேலே மழைக்கு ஒரு விரிப்பு, சுற்றிப் பூச்சிக்கு வலை. எல்லாம் சேர்த்துச் சுருட்டினால் ஒரு தலையணை உறைக்குள் அடங்க வேண்டும்.

படுக்கை மட்டமாக இருக்கத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்கே ஒவ்வொரு கம்பு வேண்டும். கம்பு என்றால் கனம். அந்தச் சிக்கலை அவள் ஒரு மத்தியானம் கடை வாசலிலேயே அவிழ்த்துவிட்டாள். எதிரே மலை இறங்கி வந்த ஒரு கூட்டம் நடைக்கம்புகளை ஊன்றி நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு அலுமினியக் கம்பு. "படுக்கும்போது அதுங்க சும்மாதானே கிடக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பாதி தைத்த குப்யாவை மடித்து வைத்தாள்.

பக்க விளிம்புகளை நேராக வெட்டினால் படுக்கை நடுவில் தொய்ந்தது. உள்நோக்கி வளைத்து வெட்ட வேண்டும் என்பது கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. எவ்வளவு வளைவு என்பதற்குத்தான் பல நாள் துணி வீணாயிற்று. கடைசியில், எடையைத் தாங்கித் தொங்கும் எதுவும் தன் வளைவைத் தானே அறிந்திருக்கும் என்று யோசித்து, அக்கம்பக்கத்து நாய்ச் சங்கிலிகளை வாங்கிக் கோத்துச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே தொங்கவிட்டாள். அது தொங்கிய கோட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, அதையே துணிக்கு எடுத்தாள். வளைவு அப்படியே உட்கார்ந்தது. சங்கிலியில்லாமல் திரிந்த நாய்கள் அந்த வாரம் கோழிக்கடையைப் பதம் பார்த்துவிட்டன. கோழிக்கடைக்காரர் இன்றுவரை அவளிடம் சரியாகப் பேசுவதில்லை.

படுத்துப் பார்க்க ஒரு கனத்த ஆள் தேவைப்பட்டது. அதற்கு அவள் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அவள் கணவன் பெள்ளியப்பா தேனீ வளர்ப்பவன். அவன் ஏறி உட்கார்ந்தால் ஜீப் ஒரு பக்கம் சாயும். ஆடுகிற எதையும் அவனுக்குப் பிடிக்காது. பரிசலில் ஏறமாட்டான், திருவிழா ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். தேனீக்கள் முகத்தில் மொய்த்தாலும் அசையாமல் நிற்கிறவன், மாச்சய்யாவின் தோட்டத்தில் கட்டியிருந்த மனைவியின் கூடாரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றான்.

"இதுல நான் படுத்துத்தான் ஆகணுமா?"

"உன்னைத் தாங்கினா ஊரைத் தாங்கும்."

"தாங்கலேன்னா?"

"கீழ சருகுதான்."

கீழே சருகு இருந்தது. சருகுக்கு அடியில் கல் இருந்ததை அவள் பார்க்கவில்லை. பெள்ளியப்பா மல்லாந்து படுத்து, கண்ணை இறுக மூடி, மெல்லத் திறந்து, "பரவாயில்லையே" என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் தலைமாட்டுக் கம்பு நடுவில் மடிந்தது. கொக்கு கழுத்தை மடக்குவதுபோல மடிந்தது என்று பிறகு அவனே சொன்னான். துணி சுருண்டு அவனை ஒரு பக்கமாகக் கவிழ்த்தது. இடது தோள் கல்லில் பட்டது. காறை எலும்பு முறிந்த சத்தம் தேச்சம்மாவுக்குக் கேட்டது.

மடிக்கேரி ஆஸ்பத்திரியில் கையை மார்போடு கட்டி அனுப்பினார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் பெள்ளியப்பா, தேன்பெட்டி எடுக்க மரம் ஏறியபோது வழுக்கிவிட்டது என்று சொன்னான். நம்பும்படியாகவும் சொன்னான், எந்த மரம், எந்தக் கிளை என்றுகூடச் சொன்னான். வீட்டுக்குள் காப்பி எடுத்துவரப் போயிருந்த தேச்சம்மா தட்டோடு வாசலில் நின்று கேட்டாள்.

"மரத்துலேருந்து விழல" என்றாள், தட்டை வைத்துக்கொண்டே. "நான் தைச்ச கூடாரத்துலேருந்து விழுந்தான். கம்பு மடிஞ்சுபோச்சு."

வந்தவர்கள் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போனபின் பெள்ளியப்பா, "உனக்காகத்தானே சொன்னேன்" என்றான்.

"எனக்காகன்னா சொல்லாதே. நீ மரத்துலேருந்து விழுந்தேன்னு ஆயிட்டா, என் கூடாரத்துல ஒரு குத்தமும் இல்லேன்னு ஆயிடும். நாளைக்கு இன்னொருத்தன் அதுல படுப்பான்."

மறுநாளிலிருந்து மடிந்த கம்பு தையல் மேஜைமேல், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கிடந்தது. குப்யாவுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கேட்காதவர்களிடமும் அவளே சொன்னாள். வினுதாவுக்குப் போன் பண்ணியும் சொன்னாள். வினுதா அப்போது தன் மலையேற்றக் கூட்டத்துக்கு வேண்டிய கூடாரங்களைத் தேச்சம்மாவிடமே வாங்குவது என்று எல்லாரிடமும் பேசி முடித்திருந்தாள்.

"பெள்ளியண்ணா எப்படி இருக்காங்க?"

"அவன் சாப்பிடறான், திட்டறான். நல்லாத்தான் இருக்கான். நீ மத்தவங்ககிட்ட சொல்லிடு, இப்ப ஒண்ணும் கிடையாதுன்னு."

"சொல்லிடறேன்க்கா. ஆனா அவங்க வேற எங்கியாவது வாங்கிடுவாங்க. அடுத்த மழைக்கு முன்னாடி எல்லாரும் போகணும்னு நிக்கறாங்க."

"வாங்கட்டும். தூக்கிப் பாத்து வாங்கச் சொல்லு."

அண்ணன் மாச்சய்யா அவ்வளவு லேசாக விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து, தட்டில் கடம்புட்டு அரிசி உருண்டைகள் ஆறிக்கொண்டிருக்க, கை கழுவாமலே பேசினார். மச்சானுக்கு இந்தத் தேன் பருவம் போயிற்று. ஊர் சிரிக்கிறது. கறுப்பு அங்கி தைக்கிற கைக்கு எதற்கு இந்த வேலை.

"இனிமே என் தோட்டத்துல ஒரு மரத்துலேயும் நீ கயிறு கட்டக் கூடாது."

"சரி அண்ணா."

"சரின்னா, விட்டுட்டியா?"

"உன் தோட்டத்துல கட்டக் கூடாதுன்னே. சரின்னேன்."

மாச்சய்யா தங்கையின் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் அவளை ஆற்றுக்குப் போகக் கூடாது என்று தடுத்தபோதும் இதே 'சரி'யைத்தான் கேட்டிருந்தார்; அன்றைக்கு அவள் ஏரியில் நீந்தக் கற்றுக்கொண்டு வந்தாள். கடம்புட்டைப் பிட்டார்.

தேன் பருவத்தை அவளே பார்த்துக்கொண்டாள். காலையில் கணவனின் வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெட்டிகளிடம் போவாள்; மத்தியானத்துக்குமேல் கடை. தேனீக்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. கன்னமும் இமையும் வீங்கியபடி மாப்பிள்ளைகளுக்கு அளவெடுத்தாள். ஊசியில் நூல் கோக்க ஒரு கண் மட்டும் திறந்த நாட்களும் உண்டு. இரவு வீங்கிய விரல்களை வெந்நீரில் நனைத்துக்கொண்டே, மடிந்த கம்பை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுடைய தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. நாடா அறுபடவில்லை. கம்பும் மட்டமான கம்பு இல்லை. எத்தனையோ பேர் முழு எடையையும் போட்டு ஊன்றி நடக்கிற கம்பு. அப்படியிருந்தும் மடிந்திருக்கிறது. மூங்கிலைப் போடலாம், தடித்த குழாயைப் போடலாம், கனம் ஏறும். அதற்கு அவள் மனம் இடம் கொடுக்கவில்லை.

விடை வந்தது ஒரு தேன்பெட்டியிலிருந்து. எறும்பு ஏறாமலிருக்கச் சில பெட்டிகளைப் பெள்ளியப்பா கிளையில் தொங்கவிடுவது வழக்கம். அன்று அவன் கைக்கட்டோடு கல்லில் உட்கார்ந்து ஏவ, அவள் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியின் இரு பக்கமும் கம்பியை மாட்டி, மேலே கொக்கியில் சேர்க்க வேண்டும். கொக்கி கைக்கு எட்டவேண்டுமே என்று கம்பியைக் குட்டையாக வைத்து முடுக்கினாள்.

"ஏ, அப்படிக் கட்டாதே. கம்பியை நீளமா விடு."

"ஏன், தொங்கினாப் போதாதா?"

"தொங்கும். ஆனா குட்டையாக் கட்டினா ரெண்டு பக்கமும் உள்பக்கமா நசுக்கும். போன வருசம் ஒரு பெட்டி அப்படியே வாயைப் பொளந்துடுச்சு. கொக்கியை ஒசரத்துல மாட்டி நீளமா விட்டா எடை நேரா மேல போயிடும். பெட்டிக்கு நோகாது."

தேச்சம்மா கம்பியைப் பிடித்த கையோடு நின்றாள். ஒரு தேனீ வலைக்குள் புகுந்து அவள் காதோரம் ஊர்ந்தது. அதை அவள் தட்டவில்லை.

"மறுபடி சொல்லு."

"என்ன சொல்ல?"

"நசுக்கும்னு சொன்னியே. அதை."

அவன் மறுபடியும் சொன்னான். அவளுடைய கூடாரத்திலும் கம்பின் இரு முனையிலிருந்து புறப்படுகிற கயிறுகள் ஓரிடத்தில் சேர்ந்துதான் மரத்துக்குப் போயின. கயிறு மிச்சமாகட்டும், கனம் குறையட்டும் என்று அந்தச் சேரும் இடத்தைக் கம்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பெள்ளியப்பாவின் எடை முழுக்க அந்தக் கம்பை இரு பக்கத்திலிருந்தும் நெட்டி நசுக்கியிருக்கிறது. அவள் எதை மிச்சம் பிடித்தாளோ அதுதான் அவன் தோளை உடைத்தது. பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவள் கணவனுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட அவன் தோளை அதுவரை அவள் இரக்கத்தோடு பார்த்தது கிடையாது. மருந்து தடவுவாள், கட்டை மாற்றுவாள், அவ்வளவுதான். இப்போது அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுடி" என்றான் அவன்.

"தெரியும்" என்றாள், நெற்றியை எடுக்கவில்லை.

கயிறுகள் நீண்டன. சேரும் முடிச்சு கம்பிலிருந்து கைநீட்டினால் எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போயிற்று. கூடிய கயிற்றின் கனத்தை ஈடுகட்ட மழை விரிப்பின் மூலைகளில் இருந்த இரும்பு வளையங்களை எல்லாம் பிடுங்கித் துணிக் காதுகளாகத் தைத்தாள். பழைய துணியில் ஒரு நூலைக்கூடப் பயன்படுத்தவில்லை. புதுக் கூடாரத்தைச் சங்கிலிக் கோட்டிலிருந்து மறுபடி வெட்டினாள். மரங்களுக்கு அண்ணனிடம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பலாமரங்கள் நின்றன. அவற்றை இடித்துப் பார்த்துவிட்டு, அடியில் இருந்த கற்களை எல்லாம் கிளறி எடுத்து அப்புறப்படுத்திவிட்டுக் கட்டினாள்.

இந்த முறை முதலில் ஏறியது காப்பி மூட்டை. பெள்ளியப்பாவின் எடைக்குமேல் வைத்து, மழையும் வெயிலும் பட அது தொங்கியது. அவ்வப்போது அதன்மேல் இன்னொரு மூட்டையைத் தூக்கிப் போடுவாள். ஆட்டிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிமேல் எட்டிப் பார்த்து, "தேச்சு, மூட்டை தூங்கிடுச்சா?" என்று கேட்பார்கள். "பொரண்டு படுக்குது" என்பாள். கம்பு வளைகிறதா என்று காலையும் மாலையும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாள். வளையவில்லை. பிறகு அவளே படுத்தாள். நல்ல மழை நாட்களாகப் பார்த்துப் படுத்தாள். காலையில் முதுகில் ஈரமிருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்து வருவாள்.

மாச்சய்யா ஒருநாள் அந்த வழியாக வந்தவர், மூட்டை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய் அதன்மேல் இரண்டு கையாலும் அழுத்தினார். தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, தங்கையைப் பார்க்காமல், "சோலைப் பக்கம் காத்து வேற மாதிரி. இங்க தாங்கறது அங்க தாங்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

"அங்க கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே."

"ஒரு தடவை கட்டிக்கோ. மச்சான் மறுபடி விழுந்தான்னா என் வாசப்படி மிதிக்காதே."

"அவனை ஏத்தப்போறதில்லை அண்ணா. மூட்டையத்தான் ஏத்துவேன்."

வினுதாவுக்குச் சொல்லி அனுப்பினாள். வினுதா தனியாக வந்தாள். அவளுடைய கூட்டத்தில் சிலர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அவள் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். மழைக்காலம் பாதி. தோள் ஆறிய பெள்ளியப்பாவும் கூட வர, மூவரும் ஏலச் செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். புதுக் கூடாரத்தை வினுதாவே முதுகில் சுமந்தாள். சோலையருகே வந்து பையை இறக்கும்போது, "இது உள்ள இருக்கறதே மறந்துபோச்சுக்கா" என்றாள். தேச்சம்மா அதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மரங்களை இடிக்கப் போய்விட்டாள்.

தேச்சம்மா கட்டி முடித்து, மூட்டை கட்டக் கொண்டுவந்த சாக்கில் மண் அள்ளப் போனபோது பெள்ளியப்பா செருப்பைக் கழற்றினான்.

"நீ என்ன பண்றே?"

"மண்ணு எதுக்கு? நான் இருக்கேன்ல."

"வேண்டாம் பெள்ளி. அண்ணாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உங்க அண்ணா வந்து படுப்பாரா?"

"மூட்டை போதும். தள்ளிப் போ."

"மூட்டை விழுந்தா மூட்டை சொல்லுமா, எங்க வலிக்குதுன்னு?" குரலில் கோபம் இல்லை. கைகள் மட்டும் துணி விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. "இங்க பாரு தேச்சு. அன்னைக்கு விழுந்தது நான். இனிமே ஒவ்வொருத்தனும் இதுல ஏறும்போது நீ என் தோளைத்தான் நெனைச்சுட்டு நிப்பே. நானே ஏறிட்டேன்னா அது முடிஞ்சுடும்."

வினுதா கொஞ்சம் தள்ளிப் போய் ஏலச்செடி இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தேச்சம்மா சாக்கைக் கீழே போட்டாள். கூடாரத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தினாள். அடியில் சருகை இரண்டு கையாலும் வாரி ஒதுக்கி, கல் இருக்கிறதா என்று விரலால் துழாவினாள்; ஒன்றும் இல்லை. சருகைத் திரும்ப அள்ளிக் குவித்தாள். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு கயிற்றை எடுத்து, கம்புகளின் பாரத்தைத் தனியாகத் தாங்கும்படி தலைமாட்டு மரத்திலிருந்து கால்மாட்டு மரம்வரை படுக்கைக்கு அடியாக இழுத்து, தோள் வரும் இடத்தருகே முடிச்சிட்டாள். கம்பு மடிந்தாலும் அது பிடித்துக்கொள்ளும்.

"இது எதுக்கு?" என்றான் பெள்ளியப்பா.

"படு" என்றாள்.

அவன் முதலில் உட்கார்ந்தான்; பிறகு ஒவ்வொரு முழங்கையாக ஊன்றிச் சாய்ந்தான். கூடாரம் ஒருமுறை அசைந்து அடங்கியது. கண்ணை மூடியிருந்தவன் திறக்கவே இல்லை. இருட்டுவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. வினுதா தரையில் போட்டிருந்த சாதாரணக் கூடாரத்துக்குள் போனாள். தேச்சம்மா பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு தலைமாட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வினுதா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டாள்.

காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. வினுதா நனைந்த படுக்கையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தாள். தரைக்கூடாரத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி, அதில் இலை மிதந்தது. பெள்ளியப்பாவின் குறட்டை சோலைக்குள் போய்த் திரும்பி வந்தது. வினுதா வலைக்குள் கையை விட்டு அவன் போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அப்படியே கையை வைத்திருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, எதை நினைத்துக்கொண்டாளோ.

"காத்திருக்கறவங்க எல்லாருக்கும் வேணும்க்கா. வாங்கிட்டவங்களும் இதைப் பாத்தா வருவாங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க?"

தேச்சம்மா எழுந்தபோது மரத்துப்போன கால் அவளை ஒரு பக்கம் தள்ளியது, மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஈரத்தில் இறுகிய தலைமாட்டுக் கம்பைக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கால்மாட்டுக்கும் போய்ப் பார்த்தாள். இரண்டும் நேராக நின்றன. திரும்பி வந்து கூடாரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கணவனின் இடது தோள் துணியில் அழுத்தியிருந்த இடத்துக்குக் கீழே உள்ளங்கையை விரித்து ஏந்திப் பிடித்தாள். இன்னொரு கையால், தான் கூடுதலாகக் கட்டிவைத்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். நனைந்த முடிச்சு எளிதில் விடவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு தளர்ந்து சருகில் விழுந்தது. குறட்டை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தோளுக்கு அடியில் இருந்த கையையும் எடுத்துவிட்டாள்.